கணக்கில் விட்டுப்போன தெரு

அந்த வியாழக்கிழமை மாலை லேஅவுட் சங்கத் தலைவர் வெங்கடகிருஷ்ணன் வீட்டு ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பற்றிப் பின்னால் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரம்பு நாற்காலியில் வெங்கடகிருஷ்ணன். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் கிளாரன்ஸ். சுவரில் ஒட்டிய பெரிய தாளுக்குப் பக்கத்தில், கையில் ஸ்கேலுடன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹரிஷ்குமார். அவனுக்கு எதிரில், நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல், அவனுடைய பெரியப்பா சேஷகிரி; போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றுத் தனியாகத் துப்பறிபவர். கதவோரம் ஸ்டூலில் அவருடைய உதவியாளர் சரசு. அவ்வளவுதான். ஆறாவது கிராஸ் பெயின்டர் சின்னப்பா அங்கே இல்லை. பேச்சு முழுக்க அவரையும் அவரைப் போன்றவர்களையும் பற்றித்தான் என்றாலும் அவரை யாரும் அழைக்கவில்லை.

பெங்களூரில் ஈஜிபுராவை ஒட்டிய அந்த லேஅவுட் ஒரு சரிவில் இருந்தது. மேட்டில் ஒன்றாவது கிராஸ், அதாவது முதல் குறுக்குத்தெரு. இறங்க இறங்க இரண்டு, மூன்று என்று போய், பள்ளத்தில் ஏழாவது கிராஸ். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அங்கே திருட்டு. டேப் ரிக்கார்டர், மேஜைக் கடிகாரம், பிரஷர் குக்கர், எவனோ கழற்றி வைத்த வாட்ச். பெரிய களவு எதுவும் இல்லை. ஆனால் நின்றபாடில்லை.

ஹரிஷ்குமார் ஸ்கேலால் தாளைத் தட்டினான்.

"கீழ்க்கோட்டுல ஒவ்வொரு தெருவுலயும் நூறு குடும்பத்துக்கு எத்தனை தமிழ்க் குடும்பம்னு போட்டிருக்கேன். பக்கக்கோட்டுல திருட்டு எத்தனைன்னு. பாருங்க. ஒன்றாவது கிராஸ், அதுவும் பூஜ்யம், இதுவும் பூஜ்யம். கீழ போகப் போக ரெண்டும் சேர்ந்தே ஏறுது. ஏழாவது கிராஸ் உச்சியில."

புள்ளிகள் மாடிப்படி போல் ஏறின. நடுவே ஒரு சிவப்புக் கோடு.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு," என்றார் வெங்கடகிருஷ்ணன். "தீர்மானம் டைப் அடிச்சாச்சு. இனிமே அந்தப் பாஷைக்காராளுக்கு இங்க யாரும் வீடு வாடகைக்கு விடறதில்லை. ஏற்கெனவே இருக்கறவாளுக்கு நோட்டீஸ். ஆறாவது கிராஸ்ல பெயின்டர் சின்னப்பாவுக்கு அவன் ஓனர் நேத்திக்கே வாயால சொல்லிட்டான்."

"எல்லாருக்கும் கஷ்டம்தான்," என்றார் கிளாரன்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு. "பட், கிராஃப் இருக்கே."

சேஷகிரியின் கண் கோட்டில் இல்லை. தாளின் அடியில், சின்ன எழுத்தில், 'தயாரித்தவர்: எஸ். ஹரிஷ்குமார்' என்று இருந்ததில் நின்றது. அந்த எஸ் அவருடைய தம்பியின் பெயர். தம்பி உயிரோடு இல்லை; பெயர் இருந்தது. அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட தாளை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. இப்போது அறுபது தமிழ்க் குடும்பம் நடுத்தெருவுக்கு வருவதற்கு அந்தப் பெயர் அடியில் தூணாக நிற்கப்போகிறது.

சரசு தொண்டையைச் செருமினாள்.

"நானும் ஒரு லெக்கா சொல்லட்டா சார்? போலீஸ் ஜீப்பு எந்த வூட்டாண்ட நிக்குதோ அந்த வூட்ல எல்லாம் திருட்டு நடந்திருக்குது. மொதல்ல ஜீப்ப காலி பண்ணச் சொல்லுங்க."

"ஜோக் வேற, டேட்டா வேற அக்கா," என்றான் ஹரிஷ்.

"அவ ஜோக் சொல்லலை," என்றார் சேஷகிரி. "குடை நிறைய விரிஞ்ச தெருவுல சேறும் நிறைய இருக்கும். குடையா சேறு பண்ணுது?"

ஹரிஷ் கெட்டிக்காரன். தயங்கவில்லை. "அப்போ மழை எதுன்னு காட்டுங்க பெரியப்பா. காட்டிட்டா இந்தத் தாளை நானே கிழிக்கிறேன். காட்டலைன்னா என் பேர் அதுல இருக்கட்டும்."

சமையலறையிலிருந்து வெங்கடகிருஷ்ணனின் மனைவி அம்புஜம் குரல் கொடுத்தாள். "ஏன்னா, காபி ஆறிப்போறது."

சேஷகிரி காபி குடிக்காமல் எழுந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவரும் சரசுவும் சரிவில் இறங்கினார்கள். முந்தின மாலையே சரசு கீழ்த்தெருப் பெண்களோடு ஒரு சுற்றுப் பேசிவிட்டிருந்தாள்.

"ஒரு பூட்டு ஒடையல சார். ஒரு ஜன்னல் வளையல. உள் ரூம்ல பீரோ இருந்தாலும் கை வெக்கல. போனதெல்லாம் வாசப்படியாண்ட இருந்த சாமான். திருடன் செருப்பக்கூட கழட்டல போல."

"கதவு?"

"தொறந்தேதான் இருந்துச்சாம். கேட்டா, 'நாங்க எங்கயும் போலயே, இங்கதானே இருந்தோம்'னு சொல்றாங்க. எல்லா வூட்லயும் ஒரே பதில். சொல்லிவெச்ச மாதிரி."

"இங்கதானே இருந்தோம்னா எங்க?"

"அத்த கேட்டா கோவிச்சுக்கிறாங்க."

ஆறாவது கிராஸ் முனையில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றுகொண்டிருந்தபோது எங்கோ ஒரு விசில் நீளமாகக் கேட்டது. சேஷகிரிக்குப் பழைய பழக்கம், கை தொப்பியைத் தேடியது. அதற்குள் தெரு குலுங்கியது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் குடமும் பிந்திகை என்கிற பிளாஸ்டிக் குடமும் தூக்கிக்கொண்டு பெண்கள், பெண்களுக்குப் பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிய ஆண்கள், எல்லோரும் தெருக்கோடிக் குழாய்க்கு ஓடினார்கள். தண்ணீர் வால்வு திறக்கும் உத்தமன் கழுத்தில் விசிலுடன் சைக்கிளில் போனான்.

குழாயடியில் ஒரே கூச்சல். தெருவில் ஒருவரும் இல்லை. எல்லாக் கதவும் விரியத் திறந்திருந்தது.

சேஷகிரி மேட்டைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றாவது கிராஸில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தரைக்கடியில் சம்ப்பு என்கிற தண்ணீர்த்தொட்டி உண்டு. தண்ணீர் தானாக வந்து விழும். விடிந்ததும் மோட்டார் போட்டால் போதும்.

"மேல் தெருவுக்குத் தண்ணி வந்தா மோட்டாருக்குத்தான் சார் தெரியும்," என்றாள் சரசு. "கீழ்த் தெருவுக்கு வந்தா ஊருக்கே தெரியும். எங்க நீலசந்திராலயும் இதே கதைதான். தண்ணி வர்ற நாள்ல மாப்பிள்ளை பாக்க வந்தாக்கூட மொதல்ல கொடத்தத் தூக்குன்னுவோம்."

"கதவைச் சாத்திட்டுப் போனா என்ன?"

"ரெண்டு கையிலயும் கொடம், இடுப்புல ஒண்ணு. சாவிய பல்லுல கடிச்சுக்கணுமா? அப்புறம் தூரமா போறாங்க? கோடியில நின்னா சொந்த வாசல் தெரியுது. தெரியுதுன்னு நெனப்பு."

மழை எது என்று சேஷகிரிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தனக்குத் தெரிந்தால் போதாது என்பதும் முப்பது வருஷ உத்தியோகத்தில் தெரிந்த விஷயம். அதே தெருக்களில் எதிர்ச் சாட்சி தேடினார். ஐந்தாவது கிராஸில் தும்கூர்க்காரத் தையல்காரர் ஒருவர் இருந்தார். வீட்டில் கன்னடம் தவிர வேறு பேச்சில்லை. சம்ப்பும் இல்லை. இரண்டு தடவை திருட்டுக் கொடுத்திருந்தார். ஏழாவது கிராஸில், அந்த உச்சிப் புள்ளியின் நடுவிலேயே, தாராபுரத்திலிருந்து வந்த டாக்டர் அனுஷா சொந்தமாகக் கட்டிய வீடு இருந்தது. அசல் தமிழ். வாசலில் பெரிய சம்ப்பு. ஒரு ஸ்பூன்கூடப் போகவில்லை.

"திருடன் பாஷை பார்க்கலை," என்றார் சேஷகிரி. "சம்ப்பு பார்த்திருக்கான். சம்ப்பு இல்லாத வீடு வாடகை கம்மி. வாடகை கம்மியான இடத்துக்குத்தான் புதுசா வர்றவங்க வருவாங்க. அவ்வளவுதான் அந்தக் கோடு."

அன்று மத்தியானம் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னபோது வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வீட்டை வெச்சுண்டு பேசறேள். இங்க ஏழு தெரு பேசறது. திருடனைக் காட்டுங்கோ, பார்க்கலாம்."

"திருடன் வேற கேள்வி. கோடு வேற கேள்வி."

"ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஓய்."

சேஷகிரி ஹரிஷைப் பார்த்தார். அவன் தாளைப் பார்த்தான். "ரெண்டு வீடு உதாரணம்தானே பெரியப்பா," என்றான். ஆனால் முந்தின நாள் குரலில் இருந்த தெம்பு அதில் இல்லை.

மேட்டில் பேசிப் பிரயோஜனமில்லை என்று சேஷகிரி மறுபடி இறங்கினார். முப்பது வருஷமாக அவர் வார்த்தைக்கு யாரும் சாட்சி கேட்டதில்லை. இன்று சொந்த வீட்டுப் பையனே கேட்கிறான். தண்ணீர் வராத நாளில் விசில் ஊதினால், திருடன் காதுக்கும் அது விசில்தான். யோசனை சரியாக இருந்தது. ஆனால் யாருடைய கதவைத் திறந்து வைப்பது?

சின்னப்பா வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவர் மகள் சங்கமித்ரா உள்ளே பி.யூ.சி. பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சேஷகிரி சொன்னதை அவர் கடைசிவரை கேட்டார்.

"நா திருடன் இல்லன்னு காட்ட, என் வூட்டுக் கதவ நானே தொறந்து வெக்கணும். அப்டிதானே சார்?"

"தப்புதான். எனக்கும் பிடிக்கலை. வேற வழி தெரியலை."

"நா இதே கர்நாடகாவுல, கோலார்ல பொறந்தவன் சார். எங்க தாத்தா தங்கவயல்ல சொரங்கத்துக்குள்ளயே செத்தாரு. இவங்க எந்தூர்லருந்து வந்தவன்னு என்னைக் கேக்குறாங்க. எம் பொண்ணோட காலேஜு பிரெண்டு நேத்து வரல. அவுங்க அம்மா வுடலயாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "தொறந்து வெச்சிக்குங்க. ஆனா நிரூபணம் எனக்கு வோணாம். உங்களுக்குத்தான் வோணும்."

சேஷகிரி அங்கிருந்து நேரே உத்தமனைத் தேடிப் போனார்.

உத்தமனைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடாக இருந்தது. "தண்ணி இல்லாம விசில் ஊதினா இந்தப் பொம்பளைங்க என்னை வால்வுக் குழியிலயே போட்டு மூடிடுவாங்க சார்," என்றான். "மூடினா நானே தொறந்து வுடறேன் வா," என்றாள் சரசு.

சனிக்கிழமை காலை விசில் கேட்டது. சின்னப்பாவும் மகளும் குடத்தோடு மற்றவர்களோடு ஓடினார்கள். வாசலுக்கு நேரே, ஜன்னல் மாடத்தில், சரசுவின் டேப் ரிக்கார்டர். கதவுக்குப் பின்னால் சரசு. இஸ்திரி வண்டிக்குப் பின்னால் சேஷகிரி, அவரோடு வலுக்கட்டாயமாக எழுப்பிக் கூட்டிவரப்பட்ட ஹரிஷ்.

குழாயில் காற்றுதான் வந்தது. உத்தமனின் பரம்பரையைக் கோடியில் யாரோ விசாரிக்கத் தொடங்கினார்கள்.

தெருவின் மறுபக்கத்திலிருந்து ஒருவன் நிதானமாக நடந்து வந்தான். தோளில் கறுப்புக் கேபிள் சுருள், கையில் பை. ஐந்தாவது கிராஸ் முனையில் கேபிள் டிவி ஆபீஸிலேயே படுத்து எழும் உமேஷ். லேஅவுட்டில் அவன் ஏறாத மொட்டைமாடி இல்லை. எதற்கு வந்தாய் என்று அவனை யாரும் கேட்டதும் இல்லை. திறந்திருந்த நாலு கதவைப் பார்த்தான். ஜன்னல் மாடத்தில் டேப் ரிக்கார்டர் பளபளத்த கதவுக்குள் போனான்.

உள்ளிருந்து சரசுவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"கேபிள் சரி பண்ண வந்தியா தம்பி? ரொம்ப சந்தோசம். இந்த வூட்ல டிவியே இல்லயே."

சேஷகிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ஓட அவனுக்கு வழியில்லை. பையில் டேப் ரிக்கார்டரோடு, வேறு யாருடையதோ ஒரு வாட்சும் இருந்தது.

"எந்த ஏரியா?"

"நீலசந்திரா சார்."

"ஐயோ, எங்க ஏரியா மானத்த வாங்கிட்டியே," என்றாள் சரசு.

"வீட்டுல என்ன பாஷை?" என்று ஹரிஷ் குறுக்கே கேட்டான். கேட்டுவிட்டு அவனுக்கே முகம் சுருங்கியது.

உமேஷ் குழம்பினான். "அப்பா மைசூர் பக்கம். அம்மா சேலம். திட்டறது ரெண்டுலயும்தான்."

"இவனை எந்தப் பக்கம் எண்ணுவே ஹரிஷ்?" என்றார் சேஷகிரி. பிறகு உமேஷிடம் திரும்பினார்.

"ஏன்டா கீழ்த்தெருவுல மட்டும்?"

"மேல யார் சார் கதவு தொறக்கறாங்க? பேப்பர் எடுக்கத் தொறந்து மூடிக்கிறாங்க."

போலீஸ் வரும்வரை உமேஷைத் தலைவர் வீட்டு ஹாலில்தான் உட்கார வைத்தார்கள். வெங்கடகிருஷ்ணன் அவனை நன்றாகப் பார்த்தார். சேஷகிரியை அவ்வளவு நன்றாகப் பார்க்கவில்லை.

"பிடிச்சேள், சந்தோஷம். சங்கத்து போர்டுல உங்க பேரைப் போட்டுடறேன். ஆனா கோடு கோடுதானே? ஒருத்தன் மாட்டினதால ஏழு தெருவும் மாறிடுமா? தீர்மானம் இருக்கட்டும்."

மழையைக் காட்டியாயிற்று. திருடனைக் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. கோடு மட்டும் சுவரில் அப்படியே ஏறிக்கொண்டிருந்தது. சேஷகிரி அதை முறைத்துப் பார்த்தார். இடது மூலையில், தரையில், ஒற்றைப் புள்ளி.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. "ஏன்னா, எத்தனை பேருக்குக் காபி?"

சேஷகிரி மெதுவாகத் திரும்பினார்.

"ஹரிஷ். ஒன்றாவது கிராஸ்ல தமிழ்க் குடும்பம் எத்தனை போட்டிருக்கே?"

"பூஜ்யம்."

"நாம எந்தத் தெருவுல குடியிருக்கோம்?"

ஹரிஷின் கை ஸ்கேலைத் தேடியது. "இதே ஒன்றாவது கிராஸ்... ஆனா நாம பெங்களூர்க்காரங்கதானே பெரியப்பா."

"உங்க அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிடறது எந்தப் பாஷையில?"

உமேஷைத் தவிர அந்த ஹாலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்றுக் காவிரிக் கலவரத்தில் வாசலிலிருந்து தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றியவர் வெங்கடகிருஷ்ணன்; பிறகு மாட்டவே இல்லை. அந்த வரிசையில் பல வீடுகள் அப்படித்தான். சேஷகிரி வீட்டிலும் இப்போது இங்கிலீஷ் பலகை. தன்னை விட்டுவிட்டுத் தலை எண்ணியிருக்கிறார்கள் என்பது இரண்டு நாளாக அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்த அவருக்கும் உறைக்கவில்லை. அதுதான் அவரை எரித்தது.

"ஒண்ணாவது கிராஸ்ல பதினோரு வூடு," என்றாள் சரசு. "எட்டு வூட்ல தமிழ்தான். நா பூக்காரிகிட்ட வெசாரிச்சாச்சு. ஏழாவது கிராஸ்லகூட இவ்ளோ பங்கு இல்ல."

ஹரிஷ் பேனாவை எடுத்தான். இடது மூலைப் புள்ளியை அடித்தான். வலது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் அப்பால், அடியோடு அடியாகப் புதிதாக ஒரு புள்ளி வைத்தான். தமிழ் அதிகம், திருட்டு பூஜ்யம். சிவப்புக் கோடு எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அவன் தன் பெயர் இருந்த இடத்தை மட்டும் கிழித்தான். பிறகு யோசித்து முழுத் தாளையும் கிழித்தான்.

"நம்மளை எதுக்கு எண்ணணும்?" என்றார் வெங்கடகிருஷ்ணன், நிஜமாகவே புரியாமல். "நாம என்ன வாடகைக்கா இருக்கோம்?"

"வாடகைன்னுதான் முதல்லயே எழுதியிருக்கணும், சார்," என்றார் சேஷகிரி. "பாஷைன்னு எழுதிட்டீங்க."

மாலையில் அவர் ஹரிஷையும் கூட்டிக்கொண்டு ஆறாவது கிராஸுக்கு இறங்கினார். சின்னப்பாவிடம் பையன் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். குடும்பத்தின் பெயர் அங்கேதான் கறைபட்டது, அங்கேதான் கழுவவேண்டும். வாசலில் பெயின்ட் டப்பாக்கள் இல்லை. கதவில் வீட்டுக்காரனின் பூட்டு.

"மத்தியானமே மெடடோர் வேன் வெச்சிட்டுப் போயிட்டாங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "பொம்மனஹள்ளி பக்கமாம். திருடன் ஆப்ட்டானே, இனிமே ஏன் போறீங்கன்னு கேட்டேன். எண்ணிப் பாத்த ஊர்ல எம் பொண்ண வெச்சிக்க மாட்டேன்னுட்டாரு."

"அட்ரஸ்?"

"குடுக்கல."

ஹரிஷ் பூட்டைத் தொட்டுப் பார்த்தான். "பொம்மனஹள்ளியில எங்கன்னு தேடறது பெரியப்பா?" என்றான்.

"நாளைக்கே ஆரம்பி. ஒவ்வொரு தெருவா போ," என்றார் சேஷகிரி.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் தீர்மானம் வாபஸ் பெறப்படவில்லை. 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். கிளாரன்ஸ் ஒருவர்தான் எழுந்து நின்று, கிராஃப் தப்பு, நான் தலையாட்டியதும் தப்பு என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு லேஅவுட்டில் திருட்டு இல்லை. சின்னப்பா போனார், திருட்டும் போயிற்று, அப்படியானால் யார் என்று தெரியவில்லையா என்று ஒன்றாவது கிராஸில் காலை நடை போகிறவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். திருடியவன் உமேஷ். அவன் பிடிபட்டது சனிக்கிழமை காலை. சின்னப்பா வீட்டைக் காலி செய்தது அன்று மத்தியானம்.